பாகலூர் ரோட்டில் உன் கல்யாணச் சாப்பாடு

கதிர்,

நேற்றும் கேட்டாய், கல்யாணத்தன்று அம்மா ஏன் பாதியில் செல்லை அணைத்தாள் என்று. "சார்ஜ் போயிடுச்சு கண்ணு" என்று அவள் சொன்னதை நீ நம்பவில்லை என்பது உன் குரலிலேயே தெரிந்தது. மாமியாருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு உன் மனைவி அழுகிறாள் என்பதை, அம்மா அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு, தணிந்த குரலில் என்னிடம் சொன்னாய். நான் பேச்சை மாற்றினேன். மூக்கண்டப்பள்ளியில் நம் வீடு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். முன்னறையில் நான் தும்மினால் சமையலறையிலிருந்து அவள் "நூறு" என்பாள். அவள் காதில் விழும்படி இதைச் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு வரிக்கும் "அதெல்லாம் எதுக்கு அவன்கிட்ட" என்று நிறுத்துவாள். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ மட்டும் ஓரமாகப் போய்ப் படிக்காதே. உன் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவள் பாஷையில் சொல்லிக்கொண்டே படி.

அம்மா கால் வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இந்த வீடு எப்படி இருந்தது என்று தெரியாது. பாஸ்போர்ட் வந்து, தாய்லாந்துக்கு டிக்கெட் போட்டு, பெட்டியில் துணி அடுக்கவும் ஆரம்பித்த சமயம். துவைக்கிற கல் பக்கம் சோப்புத் தண்ணீரில் கால் வைத்தாள், அவ்வளவுதான். தொடை எலும்புக்கு பிளேட் வைத்த டாக்டர், இப்போதைக்கு விமானப் பயணம் கூடாது என்று சொன்னபோது அவள் வலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வீல் சேர்ல போனாக்கூடவா சார்?" என்றுதான் கேட்டாள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறேன் என்று நீ சொன்னாய். உன் மாமனாருக்கு உடம்பு இருக்கிற நிலையில் அதைத் தள்ளிவைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். "வேண்டாம்ப்பா, நாங்க வீடியோல பாத்துக்கறோம், இந்தக் காலத்துல அது ஒரு விஷயமா" என்றேன். உன் காதில் சாதாரணமாக விழ வேண்டும் என்பதற்காக மனதுக்குள் ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் சொன்னேன். "நீங்களாவது போயிட்டு வாங்க" என்று அவள் தினமும் காலைக் காபியின்போது சொல்வாள். பாத்ரூமுக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொள்கிறவளை யாரிடம் விட்டுவிட்டு வருவேன்? ஆனால் நான் மறுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கும். தன்னால்தான் உன் பக்கத்தில் நிற்க இரண்டு பேருமே இல்லாமல் போனோம் என்று அவள் நினைத்தாள். வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்றைக்கு விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு, உன் கல்யாணத்துக்கென்று சேலத்தில் எடுத்த அரக்குப் பட்டை எடுக்கச் சொன்னாள். உட்கார்ந்தபடியே பட்டுப்புடவை கட்டுவது எவ்வளவு பாடு என்று அன்றுதான் பார்த்தேன். கொசுவத்தை நான்தான் பிடித்தேன். பக்கத்து வீட்டு ரத்னம்மா மல்லிகைச் சரத்தோடு வந்து, தெலுங்கில் ஏதோ கேலி பேசிக்கொண்டே தலையில் வைத்துவிட்டாள். செல்லை அரிசி டப்பாவின் மேல் சாய்த்துவைத்து, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்தாள். பிக்குகள் ஓதியதைக் கை கூப்பிக்கொண்டே கேட்டாள். வெள்ளை நூலால் உன் தலையையும் உன் மனைவி தலையையும் சேர்த்து இணைத்தபோது "நல்லாருக்குங்க, பாருங்க பாருங்க" என்று என் கையைத் தட்டினாள். பிறகு நீங்கள் இருவரும் கையைச் சேர்த்து நீட்டிக்கொண்டு மண்டியிட்டீர்கள். உன் மாமனாரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவர் சங்கிலிருந்து தண்ணீரை உங்கள் கையில் ஊற்றினார். மாமியார் ஊற்றினார். அடுத்தது மாப்பிள்ளையைப் பெற்றவர்களின் முறை. உன்னோடு வேலை செய்யும் திருச்சிக்காரரும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். அந்தம்மா நல்ல மனுஷி. உனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தவர் என்று அம்மாவே இந்தத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சங்கைச் சாய்த்து, உன் கையில் தண்ணீர் ஊற்றினார். நீ தலையைக் குனிந்தாய். அப்போதுதான் உன் அம்மா பொத்தானை அழுத்தி செல்லை அணைத்தாள். கோபம் இல்லை கதிர். அந்தம்மா மேலும் இல்லை, உன் மனைவி மேலும் இல்லை. அவளால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

அதன்பிறகு பட்டுப்புடவையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீடு, ஆனால் அடுப்பு பற்றவைக்கவில்லை. ரத்னம்மா கொடுத்த உப்புமா மூடியது மூடியபடியே ஆறியது. தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து ஷிஃப்ட் முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அவர்கள் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேசியபடி நடந்து போனார்கள். நீ என் செல்லுக்குக் கூப்பிட்டாய். "எடுக்காதீங்க" என்றாள். "எடுத்தா அழுதுருவேன். இன்னிக்கு அவன் காதுல அது விழக் கூடாது." நான் எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது. நீ அங்கே என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அங்க இப்ப பந்தி நடக்குமில்ல?"

"நடக்கும்."

"என்ன போடுவாங்க?"

"தெரியலையே."

"பாகலூர் ரோட்டுல ஒண்ணு இருக்கில்ல, அவங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அந்த ஹோட்டல் நீ போன பிறகு வந்தது. பச்சை எழுத்தில் "தாய் உணவகம்" என்று போர்டு இருக்கும். ரொம்ப நாள் அதை நாங்கள் ஏதோ அம்மா கைப்பக்குவத்தில் சமைத்துப் போடுகிற மெஸ் என்றுதான் நினைத்திருந்தோம். "பேரு வெச்சிருக்காங்க பாருங்க, ஒரு நாள் போய்ச் சாப்பிடணும்" என்றுகூட அவள் சொல்லியிருக்கிறாள். உன் கல்யாணம் முடிவான பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, போர்டின் ஓரத்தில் யானைப் படமும், உன் பத்திரிகையில் இருந்தது போன்ற வளைந்த எழுத்தும் இருப்பதை அவள்தான் கவனித்தாள். "என்னங்க, இது அந்தத் தாய்!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். ஆனாலும் நாங்கள் போனதில்லை. உன் வீட்டுக்கு வந்து, நீ உன் கையால் பரிமாற, முதல் வாய் அங்கேதான் சாப்பிட வேண்டும் என்று இருந்தாள்.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. ஒரு வீட்டின் முன்பகுதிதான் ஹோட்டல். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்திருந்தார்கள். கடைசி மேசையில் ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருந்தது. படி ஏறுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கையைத் துடைத்தபடி எழுந்து வந்தார். முதலாளி, முருகேசன் என்று பேர். பாகலூர்ப் பக்கத்துக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் தாய்லாந்தில் ஹோட்டல்களில் சமையல் வேலை பார்த்தவர் என்று பின்னால் தெரிந்தது.

"சார், மத்தியானத்துக்கு முடிஞ்சிருச்சுங்க. இனி ஆறு மணிக்கு மேலதான்."

அம்மா வாக்கரைப் பிடித்தபடி நின்றாள். "தம்பி, இந்தப் படியில திரும்ப எறங்கி ஏற என்னால ஆவாது. சும்மா உக்காந்திருக்கேன். எம் பையனுக்கு இன்னிக்குக் கல்யாணம்."

அவர் பட்டுப்புடவையைப் பார்த்தார், வாக்கரைப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்மா. எந்த மண்டபத்துல?"

"தாய்லாந்துல."

அவர் நாற்காலியை இறக்கிப் போட்டார். பின்பு அந்த மேசைப் பக்கம் திரும்பி அந்தப் பாஷையில் ஏதோ சொன்னார். அவர் மனைவி எழுந்து வந்தார். உன் மாமியாரைப் போன்ற முகவெட்டு, நம் ஊர் நைட்டி, மேலே ஒரு துண்டு. "கூத்கொள்ளி அம்மா, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் அம்மாவை உட்காரவைத்தார். அவர் பேர் மாலி. மல்லிகைப்பூ என்று அர்த்தமாம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் கன்னடக்காரர்கள் என்பதால் முதலில் கன்னடம்தான் வந்ததாம், பிறகுதான் தமிழ். இரண்டையும் கலந்துதான் பேசுகிறார். அவர் பிறந்த ஊர் லாவோஸ் எல்லையில் இருக்கிறதாம். "எங்க ஊரும் ஓசூர் மாதிரிதான். ஒரு வீட்டுல ரெண்டு பாஷை" என்றார்.

பெண்ணைக் காட்டுங்கள் என்று அவர் கேட்டதும்தான் அம்மா செல்லை மறுபடி போட்டாள். காலையில் நீ அனுப்பியவை எல்லாம் மளமளவென்று வந்து விழுந்தன. மாலி ஒவ்வொன்றாகப் பார்த்து, "சுந்தரி. பேரு ஏனு?" என்றார். "ஃபோன்" என்றாள் அம்மா. நீ முதன்முதலில் "அம்மா, ஃபோன் உங்கிட்டப் பேசணுமாம்" என்றபோது, அது எப்படிடா பேசும் என்று இவள் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? அதைச் சொன்னதும் அவர்கள் மகள் ரம்யா சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்தே சிரித்தாள். மாலியும் சிரித்தார். "மழை அம்மா. ஃபோன்னா மழை. வீட்டுக்கு மழை வந்தா ஒள்ளேது. நல்லது."

பிறகு எங்களைத் தங்கள் மேசைக்கே கூட்டிப்போனார்கள். ஹோட்டல் சாப்பாடு தீர்ந்திருந்தது. அது அவர்கள் தங்களுக்காகச் செய்தது. வாழையிலையில் சின்னச் சின்னச் சுருளாக, இடியாப்ப நூல் போல ஏதோ வெள்ளையாக வைத்திருந்தார்கள். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம சந்தகைங்க!" என்றாள். சந்தகையேதான். அரிசி மாவைப் புளிக்கவைத்துப் பிழிவார்களாம், அவ்வளவுதான் வித்தியாசம். பிழிகிற அச்சுக்காக மாலி எங்கெங்கோ தேடி, கடைசியில் கிருஷ்ணகிரிச் சந்தையில் நம் சந்தகைக் கட்டையைப் பார்த்துத் துள்ளிக் குதித்தாராம். "எங்க ஊர்ல கல்யாணத்துக்கு இது வேணும். நூலு அறுக்கக் கூடாது. நீளம் நீளமா சாப்பிடணும். அப்ப அவங்க சேந்து இருக்கறதும் நீளம்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கேட்டு வந்தது அவள் முன்னால் இருந்தது.

அதன்மேல் தேங்காய்ப்பாலில் மீனைக் கரைத்த குழம்பு. "கல்யாணத்தன்னிக்குக் கவுச்சியா?" என்று மெதுவாக என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே, "அவன் சாப்பிடறதத்தானே நானும் சாப்பிட வந்தேன், போடுங்க" என்றாள். உரலில் பப்பாளிக் காயை மிளகாயோடு இடித்துக் கொண்டுவந்தார் மாலி. எலுமிச்சையின் புளிப்பும் வெல்லமும் உறைப்பும் ஒன்றாக ஏறி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது வசதியாகவும் இருந்தது. துடைத்துக்கொண்டே சாப்பிட்டேன். கடைசியில் ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும். மாம்பழம் நம் கிருஷ்ணகிரி மாம்பழம். அதன்மேல் உப்புப் போட்ட தேங்காய்ப்பால். அம்மா மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். நாற்பது வருஷம் கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் நான், அவள் அப்படி ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் வாயில் வைத்துவிட்டு, "இது அவனுக்குப் பிடிக்கும்", "இது உறைப்பு, தண்ணி கேப்பான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நீ எதிரில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. உன் தட்டு இல்லை, அவ்வளவுதான்.

முருகேசன் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே பேசினார். "உங்க பையனுக்கு அந்தப் பாஷை நல்லா வருதுங்களா?" என்றார். கம்பெனியில் பேசுகிற அளவுக்கு வரும் என்றேன். "அது பத்தாதுங்க. சண்டை போடற அளவுக்குக் கத்துக்கணும். எங்க வீட்டுல கோவம் வந்தா நான் அவ பாஷையில திட்டுவேன், அவ தமிழ்ல திட்டுவா. நம்ம பாஷையில திட்டினா எதிராளிக்கு என்ன உறைக்கும்?" எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எடுத்த உடனே எனக்கு அந்தப் புத்தி இல்லைங்க. இவ வந்த புதுசுல ரெண்டு வருஷம் இவதான் எல்லாம் கத்துக்கிட்டா. நான் அங்க ஓட்டல் வேலைக்கு வேண்டிய அளவோட நின்னுட்டேன், அவ வீட்டுல பேசற பாஷை வேற, அதுல ஒண்ணும் கத்துக்கல. ஒரு நாள் அடுப்படியில உக்காந்து அவ அம்மாகூட செல்லுல பேசிட்டிருந்தா. என்ன பேசறான்னு எனக்குப் புரியல. அவ அழறா, ஏன்னு கேக்கக்கூட எனக்கு வாய் இல்ல" என்றார். கதிர், நான் உனக்குப் புத்தி சொல்லப் பழகியவன் இல்லை. நீ கேட்டதும் இல்லை. ஆனால் அவர் சொன்ன இதை மட்டும் உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அவள் அழுதால் ஏன் என்று அவள் பாஷையில் கேட்கிற அளவுக்குக் கற்றுக்கொள்.

சாப்பிட்டு முடித்ததும் மாலி அம்மாவைக் கேட்டார். "காலையில தண்ணி ஊத்துற நேரம் பாத்தீங்களா?"

அம்மா குனிந்துகொண்டாள். இலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "பாத்தேன். எனக்குப் பதிலா வேற ஒருத்தங்க ஊத்தினாங்க" என்றாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. முன்பின் தெரியாத ஒருவர் மேசையில், சாப்பிட்ட கையோடு, உன் அம்மா அழுதாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். முருகேசன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலி உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு சில்வர் சொம்பில் தண்ணீரும் ஒரு அகலப் பாத்திரமும் கொண்டுவந்தார். தண்ணீரில் மல்லிகைப் பூவை உதிர்த்திருந்தார். புருஷனின் கையைப் பிடித்து இழுத்து அம்மாவுக்கு முன்னால் தரையில் மண்டியிடவைத்து, தானும் பக்கத்தில் மண்டியிட்டார். "என்னடி பண்ற, ஜனங்க பாக்கறாங்க" என்றார் அவர். அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை. மாலி இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, "எனக்கு ஊத்துங்க அம்மா" என்றார். "எங்க கல்யாணத்துக்கு எங்க அம்மா வரல. பஸ்ஸு ஏறினாலே வாந்தி எடுக்கும். ப்ளேன் எங்க ஏறும்? அப்புறம் ஊத்தறேன்னு சொன்னாங்க. இப்ப அம்மா இல்ல."

உன் அம்மா சொம்பை எடுத்தாள். சொம்பை நானும் சேர்ந்து பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். முதலில் மாலியின் கையில் ஊற்றினாள், பிறகு முருகேசன் கையில். கீழே ரம்யா பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். தன் அப்பா அம்மா கல்யாணத்தை அவள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லி வாழ்த்த வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. "நல்லா இருங்க, ஒருத்தர ஒருத்தர் உட்டுறாதீங்க" என்றாள். உனக்குச் சொல்ல வைத்திருந்ததுதான் அது. காலையில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே என்னிடம் சொல்லிப் பார்த்திருந்தாள். மாலி ஈரக் கையோடு உன் அம்மாவின் மடியில் தலையை வைத்து, "மே" என்றார். அந்தப் பாஷையில் அம்மாவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று ரம்யா சொல்வதற்கு முன்பே உன் அம்மா "என்னடா கண்ணு" என்று கேட்டுவிட்டாள்.

இதுதான் நடந்தது. உன் அழைப்பை எடுக்காத அன்று மத்தியானம் நாங்கள் உன் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உன் மனைவியிடம் சொல், அவளைப் பிடிக்காமல் யாரும் செல்லை அணைக்கவில்லை. அந்த இடத்தில் நிற்க முடியாமல் போனவள், அதைப் பார்க்கவும் முடியாமல் அணைத்தாள். எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, கதிர். வீட்டில் எதையாவது ரிப்பேர் செய்யும்போது, அந்த ஸ்பேனரை எடுடா என்று கையை நீட்டிவிடுகிறேன், இன்னும். ஆனால் நான் சமாளித்துக்கொள்வேன். அம்மாதான் நாளெல்லாம் எதிலாவது உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது வாரம் ஒருமுறை மாலியைப் பார்க்கப் போகிறாள். போன வாரத்திலிருந்து சமையலறையில் தனியாக எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். மந்திரமா என்று கேட்டேன். "கின் காவ் யாங்" என்றாள். சாப்பிட்டாயா என்று அர்த்தமாம். அங்கேயும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் முதலில் இதைத்தான் கேட்பார்களாம். இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்கவில்லை என்று மாலி திருத்திக்கொண்டே இருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கூப்பிடப்போகிறாள், உன்னிடம் பேசுவதற்கு அல்ல. செல்லை மருமகள் கையில் கொடுத்துவிட்டு நீ தள்ளி உட்கார். நடுவில் புகுந்து மொழிபெயர்க்காதே.

"நீ கேட்டுருவே, அவ பதிலுக்கு என்ன சொல்றான்னு உனக்கு எப்படிப் புரியும்?" என்று நேற்று அவளிடம் கேட்டேன்.

"சாப்பிட்டேன்னு சொல்லுவா, இல்ல, சாப்பிடலைன்னு சொல்லுவா" என்றாள். "மொகத்தப் பாத்தா தெரியாதா?"

அப்பா